காரின் மைலேஜ் எங்கே போகிறது?

ஒரு வாசகரின் கேள்வி இதுதான்: 2018 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். வாங்கும்போது லிட்டருக்கு 21 கிலோமீட்டர் என்றார்கள். தினமும் மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் போய் வருகிறார். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மேல் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "சிட்டிக்குள்ள இவ்வளவுதான் சார் வரும்" என்கிறார்கள். கூடவே இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் குழல்) கிளீனிங், டயருக்கு நைட்ரஜன் என்று ஒரு பட்டியலையும் நீட்டுகிறார்கள். எதற்குச் செலவு செய்தால் மைலேஜ் கூடும்?

எதற்கும் செலவு செய்வதற்கு முன்னால், அந்தப் பன்னிரண்டரை சரியான கணக்கா என்று பார்த்துவிடுங்கள். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டு, முள் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது கணக்கே இல்லை. டேஷ்போர்டில் வரும் சராசரி மைலேஜும் பல கார்களில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். பங்க்கில் டேங்கை நிரப்பச் சொல்லி, நாசில் தானாக முதல் முறை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். ரவுண்டாக வர வேண்டும் என்று மேலே மேலே போடவிடாதீர்கள். டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். டேங்க் முக்கால்வாசி காலியானதும் அதே பங்க், முடிந்தால் அதே நாசில், மறுபடி முதல் 'டக்' வரை. ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். இரண்டு மூன்று டேங்க்குக்கு இதைச் செய்து சராசரி எடுத்தால் போதும். பங்க்கின் அளவிலேயே சந்தேகம் என்றால், ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை குத்திய அந்தப் பாத்திரம் இருந்தாக வேண்டும்.

டயர் சைஸை மாற்றியிருக்கிறீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிட உயரம் கூடிய டயர் போட்டால் சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். ஓடோமீட்டருக்கு அது தெரியாது, குறைவாகத்தான் எண்ணும். டயர் அகலமும் கூடியிருந்தால் உருளும் தடை கூடி, மைலேஜ் நிஜமாகவே கொஞ்சம் குறையும். இரண்டும் சேர்ந்து, 'அலாய் வீல் போட்டதிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது' என்று பலர் புலம்புவார்கள்.

சரி, கணக்கு சரியாகவே பன்னிரண்டரை என்று வைத்துக்கொள்வோம். அந்த 21 எங்கிருந்து வந்தது? அது அராய் (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சோதனையில் கிடைத்த எண். சோதனைக் கூடத்தில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்த வேகப்படி சுமார் இருபது நிமிடம் ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகமே 90 கிலோமீட்டர்தான், அதுவும் கடைசியில் சிறிது நேரத்துக்கு. பெட்ரோல் எவ்வளவு போனது என்பதைக்கூட புகையில் உள்ள கார்பனை அளந்து கணக்கிடுகிறார்கள். அதில் பள்ளிக்கரணை டிராஃபிக்கும் இல்லை, மே மாத வெயிலும் இல்லை. இரண்டு மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். உங்கள் தெருவில் என்ன கிடைக்கும் என்று சொல்ல உதவாது.

இப்போது உங்கள் பெட்ரோல் எங்கே போகிறது என்று உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேடவாக்கத்திலிருந்து கிண்டி, ஒரு வழிக்கு 14 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். லிட்டருக்கு 12.5 என்றால் ஒரு முறை போக சுமார் 1,120 மில்லி பெட்ரோல்.

ஆள் ஏறியபின் உங்கள் கார் ஏறக்குறைய 1,000 கிலோ இருக்கும். அதை நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர கிட்டத்தட்ட 96 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பெட்ரோல் இன்ஜின் தான் எரிப்பதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குத் தரும், மீதியெல்லாம் சூடாகப் போய்விடும். ஆக, ஒவ்வொரு முறை நின்று கிளம்பி 50-ஐத் தொடும்போதும் வேகம் எடுக்க மட்டும் சுமார் 12 மில்லி பெட்ரோல் போகிறது. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தால் அந்த 12 மில்லியும் பிரேக் டிஸ்கில் சூடாகிக் காற்றில் கலந்துவிடும். மேடவாக்கம் ஜங்ஷன், பள்ளிக்கரணை, வேளச்சேரி விஜயநகர் என்று சிக்னல், பஸ் ஸ்டாப், குறுக்கே வரும் பைக் எல்லாம் சேர்த்து ஒரு வழியில் 25 தடவை இப்படி நடந்தால் 300 மில்லி.

அடுத்தது சும்மா நிற்பது. 1.2 லிட்டர் இன்ஜின் ஏசி போட்டு ஐடிலில் நின்றால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். வழியில் மொத்தம் 15 நிமிடம் நிற்கிறீர்கள் என்றால் அதில் 250 மில்லி. இரண்டையும் கழித்துப் பாருங்கள். மீதி 570 மில்லியில் 14 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அது லிட்டருக்கு 24-க்கு மேல்! விளம்பரத்தில் சொன்ன 21-ஐயே தாண்டுகிறது. இன்ஜினில் கோளாறு இருந்தால் இந்த எண் வராது. பெட்ரோலில் பாதி, பிரேக் போடுவதிலும் நிற்பதிலும்தான் போகிறது. அதை எந்த இன்ஜெக்டர் கிளீனிங்காலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே, மைலேஜுக்காக மாற்ற வேண்டிய முதல் பழக்கம் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதிப்பது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலாவது, தூரத்தைப் பார்த்து ஓட்டுவது. முன்னால் போகும் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால், அவர் பிரேக் போடும்போதெல்லாம் நீங்களும் போட்டுத்தான் ஆக வேண்டும். அவரையும் தாண்டி நான்கைந்து வண்டிக்கு அப்பால் பாருங்கள். அங்கே மாநகரப் பேருந்து இடதுபுறம் ஒதுங்குகிறது, சிக்னலில் சிவப்பு எண் 40-லிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே இருக்கட்டும். வண்டி தானாக வேகம் குறைந்து, இரண்டாவது கியரில் உருண்டு சிக்னலை நெருங்கும்போது பச்சை விழுந்திருக்கும். முழுதாக நிற்காமல் 20 வேகத்தில் இருந்து மறுபடி 50-க்குப் போனால், பூஜ்யத்திலிருந்து கிளம்புவதைவிட ஆறில் ஒரு பங்கு ஆற்றல் மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், காலை எடுத்தபின் உருண்டு வந்த அந்த நூறு, நூற்றைம்பது மீட்டர். அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய பெட்ரோலே செலவில்லை.

'பெட்ரோலே செலவில்லை' என்பது மிகையில்லை. இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டால், இன்ஜின் ஓரளவு வேகத்தில் சுற்றும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். உங்கள் டேஷ்போர்டில் அந்தந்த நொடிக்கான மைலேஜ் காட்டும் கோடு இருந்தால் காலை எடுத்துப் பாருங்கள், அது கடைசிவரை எகிறி நிற்கும். இப்போது நியூட்ரலில் போட்டுப் பாருங்கள், கோடு கொஞ்சம் இறங்கும். ஏனென்றால் நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க ஐடில் பெட்ரோல் போயாக வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் அம்பாசடர் ஓட்டிய பெரியவர்கள் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு மிச்சம் பிடித்தார்கள், அந்த வண்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தியது. உங்கள் காருக்குப் பொருந்தாது.

மலைப்பாதையில் இது மைலேஜ் பிரச்சினையே இல்லை, உயிர்ப் பிரச்சினை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையிலோ நியூட்ரலில் இறங்கினால், வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது சரியான பேச்சு. பெட்ரோலும் அப்போதுதான் மிச்சம். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கும் வீரர்களும் உண்டு. பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அப்புறம் கியர். கிளம்பும்போது முட்டை மேல் நடப்பதுபோல் ஊர்ந்து போக வேண்டியதில்லை. முதல் கியரில் வண்டி நகர்ந்ததும் இரண்டாவது, பிறகு 2,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) ஒட்டி மூன்றாவது, நான்காவது என்று சீக்கிரம் சீக்கிரம் மேலே போய்விடுங்கள். பெட்ரோல் இன்ஜினுக்கு அதிகச் சுற்று, லேசான மிதி என்பதைவிடக் குறைந்த சுற்று, மிதமான மிதி என்பதே சிக்கனம். இன்ஜினுக்குக் காற்று போகும் வாசலான த்ராட்டில் கொஞ்சம் திறந்திருந்தால்தான் இன்ஜின் திணறாமல் காற்றை இழுக்கும். ஆனால் இதையே அளவு மீறிச் செய்து, ஐந்தாவது கியரில் 35-ல் போட்டு வண்டி உதறினால் கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். சமதளத்தில் 50-க்குமேல் ஐந்தாவது கியர் தாராளமாகப் போதும்.

சிக்னலில் நிற்கும் நேரத்தைப் பொறுத்தவரை, எண் ஓடும் சிக்னல்களில் அரை நிமிடத்துக்கு மேல் இருந்தால் அணைத்துவிடலாம். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல் சில நொடி ஐடிலுக்குச் சமம், அவ்வளவுதான். பேட்டரி பழசு, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகாது என்றால் இந்த வேலை வேண்டாம். காலையில் வண்டியை எடுத்து, இன்ஜின் சூடாகட்டும் என்று வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிடுவதையும் நிறுத்திவிடுங்கள். சென்னைக் குளிருக்கு அது தேவையே இல்லை. ஸ்டார்ட் செய்து, சீட் பெல்ட் போட்டுவிட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் உறுமவிடாமல் ஓட்டினால் போதும். இன்னொன்று, அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மளிகைக் கடைக்குக் கார் எடுப்பது. இன்ஜின் சூடேறும் முன்பே திரும்பி வந்துவிடுவீர்கள். அந்த ஓட்டங்களில் மைலேஜ் பரிதாபமாக இருக்கும், உங்கள் சராசரியை அதுவும் இழுக்கும்.

ஏசி பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மே மாதம் வேளச்சேரியில் ஏசி இல்லாமல் ஓட்டு என்று சொல்பவரின் பேச்சை நானே கேட்கமாட்டேன். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, அடைந்திருக்கும் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். பிறகு உள்காற்றே சுற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். 70, 80-க்குமேல் போகும்போது கண்ணாடி இறக்கி ஓட்டுவதைவிட ஏசியே மேல், திறந்த ஜன்னலில் காற்று மோதி இழுக்கும்.

நெடுஞ்சாலைக்கு வேறு கணக்கு. அங்கே பிரேக் அதிகமில்லை, எதிரி காற்றுதான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால்வாசிதான் கூடுகிறது, காற்றின் தடையோ 56 சதவீதம் கூடுகிறது. 110 என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. உங்கள் வகைக் கார் 80-ல் சீராகப் போனால் லிட்டருக்கு இருபதைத் தாண்டும், 110, 120-ல் பதினைந்து பதினாறுக்கு வந்துவிடும். சென்னையிலிருந்து திருச்சி 330 கிலோமீட்டர். பரனூர், விக்கிரவாண்டி டோல்களில் நின்று, ஒரு காபியும் குடித்துப் போகும் பயணத்தில், 90-ல் போவதைவிட 110-ல் பறந்து மிச்சம் பிடிக்கும் நேரம் முக்கால் மணிதான் இருக்கும். அது வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், நான் 90-ல் போகிற ஆள். மேலே லக்கேஜ் கேரியர் இருந்தால் ஊருக்குப் போய் வந்ததும் கழற்றிவிடுங்கள். காலியாக இருந்தாலும் அது காற்றோடு சண்டை போட்டுக்கொண்டேதான் வரும். டிக்கியில் கிடக்கும் சாமானைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. டேங்கைப் பாதி மட்டும் நிரப்பி எடையைக் குறைக்கும் தந்திரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ குறையலாம். அதற்காக நாலு தடவை பங்க்குக்குப் போய் வருவது நஷ்டம்.

இனி பராமரிப்பு. இங்கே நான் முதலில் கை வைப்பது டயரிலும் பிரேக்கிலும்தான்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் எத்தனை பிஎஸ்ஐ காற்று வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதுதான் வேதம். பஞ்சர் கடைக்காரர் 'எல்லாத்துக்கும் 35' என்று அடிப்பது உங்கள் காருக்கானதல்ல. காலையில், டயர் சூடேறும் முன் பாருங்கள். ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். ஏழு குறைந்தால் ஒன்றரை சதவீதம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் டயர் தேய்மானத்தையும் மழையில் பிரேக் பிடிப்பதையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் இருமுறை பார்ப்பது வீணில்லை. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் திடீரென்று மைலேஜ் விழுந்த வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். மழைக்காலத்தில் வேளச்சேரித் தண்ணீரில் இறங்கி ஏறிய காரில், பிரேக் கேலிப்பர் (பேடை டிஸ்கோடு சேர்த்து அழுத்தும் பாகம்) நகரும் கம்பியான பின்னில் துருப்பிடித்து, மிதியை விட்டபிறகும் பேட் டிஸ்கை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியாது, வண்டி கொஞ்சம் கனமாகப் போகிற மாதிரி மட்டும் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: அதிகம் பிரேக் போடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்தி, நான்கு வீலுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். முன்னால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின்னால் இரண்டும் அப்படியே. ஒன்று மட்டும் தகித்தால் அங்கே உரசுகிறது என்று அர்த்தம். பின்னைச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸ் தடவுவது சின்ன வேலை. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருந்தாலும் பின்சக்கரத்தில் இதே கதைதான்.

இன்ஜின் ஆயிலில், கையேட்டில் போட்டிருக்கும் கிரேடை விட்டு விலகாதீர்கள். '0டபிள்யூ-20' என்றிருக்கும் இன்ஜினுக்கு, 'கெட்டியா இருந்தா இன்ஜினுக்கு நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சரியான ஆயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் மைலேஜ் தரும்.

ஏர் ஃபில்டரில் ஆச்சரியமான ஒரு விஷயம் உண்டு. அழுக்கு ஃபில்டர் மைலேஜைத் தின்னும் என்று எல்லாரும் சொல்வார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தது. மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை, இழுவைதான் குறைந்தது. காரணம், வரும் காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். கார்புரேட்டர் வண்டிகளில்தான் பெட்ரோல் வீணாகும். நம் ஊர்த் தூசிக்கு ஃபில்டரை நேரத்துக்கு மாற்றத்தான் வேண்டும், மைலேஜ் கூடும் என்று எதிர்பார்த்து மாற்றாதீர்கள்.

இன்ஜினில் உண்மையிலேயே மைலேஜைச் சாய்க்கும் கோளாறுகள் இரண்டு. ஒன்று, ஆக்ஸிஜன் சென்சார். அது கெட்டால் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று தெரியாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றலாம். பெரும்பாலும் 'செக் இன்ஜின்' விளக்கு எரியும். அந்த விளக்கோடு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களை என்ன சொல்ல! மற்றொன்று, திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை குளிர்விக்கும் நீரைத் தடுத்து வைக்கும் வால்வு. இன்ஜின் சூடே ஏறாது, குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாக பெட்ரோல் விடும். உங்கள் காரில் நீல நிற வெப்பநிலை விளக்கு இருந்து, ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியும் அது அணையவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

பட்டியலில் மீதி இருப்பவை: நைட்ரஜன் நிரப்பினால் மைலேஜ் கூடாது. நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். விலை கூடிய அதிக ஆக்டேன் பெட்ரோல், அதைக் கேட்கும் இன்ஜினுக்கு மட்டும். உங்கள் கையேட்டில் சாதாரண பெட்ரோல் என்றிருந்தால் காசு வீண். இழுவை, ஸ்டார்ட்டிங், ஐடில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் இன்ஜினுக்கு இன்ஜெக்டர் கிளீனிங் வேண்டாம். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் போன்ற மைலேஜ் சாதனங்களை நூற்றுக்கும் மேல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஆராய்ந்துவிட்டது. மைலேஜை உருப்படியாகக் கூட்டும் எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்பதும் அப்படித்தான், டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, அதன் வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறாது.

உங்கள் கையில் இல்லாத ஒரு காரணமும் உண்டு: இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் ஆற்றல் ஆறு ஏழு சதவீதம் குறையும். பழைய எரிபொருளுக்காக வடிவமைத்து இ10-க்கு ஏற்றபடி அமைத்த கார்களில் மைலேஜும் ஆறு முதல் ஏழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. உங்களுடையது 2018 மாடல். முன்பு பதின்மூன்றரை வந்தது, இப்போது பன்னிரண்டரை என்றால், அந்த ஒன்றில் பெரும்பகுதி இதற்கே போயிருக்கலாம்.

இதையெல்லாம் செய்தால் என்ன கிடைக்கும்? நிற்பதையும் கிளம்புவதையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, நீண்ட சிக்னல்களில் அணைத்தால், மேலே போட்ட கணக்கில் ஒரு வழிக்கு 150 மில்லி மிஞ்சும். பன்னிரண்டரை பதினான்கரையாகும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் தினமும் போக வர முப்பது ரூபாய், மாதம் 25 நாளைக்கு 750. நகரத்துக்குள் இதே ரோட்டில் பதினெட்டு வரும் என்று யாராவது சொன்னால் அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டியிருப்பார்.

ஒருவேளை ஒழுங்காக அளந்தும் பதினொன்றுக்குக் கீழே வந்தால், சர்வீஸுக்கு விடுங்கள். ஜாப் கார்டில் 'மைலேஜ் குறைவு' என்று மட்டும் எழுதவிடாதீர்கள், அதற்கு பதிலாக இன்ஜெக்டர் கிளீனிங் பில்தான் வரும். 'நான்கு சக்கரமும் தூக்கி, பிரேக் உரசுகிறதா பார்க்கவும்; ஸ்கேனர் போட்டு ஆக்ஸிஜன் சென்சார், கூலன்ட் வெப்பநிலை ரீடிங் பார்க்கவும்; வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட் தரவும்' என்று எழுதச் சொல்லி, ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.